அயலார் விழாவும் ஆபிரிக்கத் திரைப்படமும்

சகாராவுக்குத் தெற்கே வாழும் ஆபிரிக்கரின் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் அதன் தொடக்கத்தைப் பெரும்பாலும் ஆபிரிக்க மண்ணிலே காண்பதில்லை. பாரிஸ் நகரிலே காண்பர். 1955 இல் போலன் வியேரா என்பாரும் அவர்தம் தோழரும் எடுத்த 'சேன் நதிக்கரை ஆபிரிக்கா' என்ற குறும்படமே முதற்படமாகக் கூறப்படுவது வழக்கம். பாரிசிலே வாழ்ந்த கறுப்பு இளைஞரைப் பற்றிய படம் அது. தம் தாயகத்துக்குச் சென்று படம் பிடிக்க அவர்கள் விரும்பாமலில்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் ஆளுநரின் அனுமதியின்றி எவரும் படம் பிடிக்கலாகாது என்று 1934 இல் அமைச்சர் பியர் லவால் பிறப்பித்த ஆணை அவர்களை வழிமறித்தது. பிரெஞ்சுக்காரரான றெனே வோத்தியே அவ்வாணையை மீறி 'ஆபிரிக்கா 50' என்ற படத்தை எடுத்தமைக்காகச் சிறை சென்றார். வெள்ளையர் பிடித்த சிங்கவேட்டைப் படங்களுக்கோ அனுமதி தாராளமாகக் கிடைத்தது. அவ்வாணையின் நோக்கம் யாதென்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் ஆணை ஒழிந்தது, கொடிகளும் மாறின. ஆயினும் படத்தை எடுத்தவன் ஊரார் அதைப் பார்ப்பது அரிது, அயலார் பார்ப்பது எளிது என்ற நிலை மாறவில்லை. மேற்கு ஆபிரிக்கத் திரையரங்குகளுக்குப் படம் வழங்கும் உரிமை கொமாசிக்கோ, செக்மா என்னும் இரு பிரெஞ்சுக் கொம்பனிகளின் கையிலேயே இருந்தது. அவை விலை மலிந்த அமெரிக்கப் படங்களையும் இந்திப் படங்களையும் கொட்டின. 1970 இல் மேல் வோல்ட்டா அரசு தன் திரையரங்குகளை நாட்டுடைமையாக்கியபோது அக்கொம்பனிகள் படம் தர மறுத்து அரசைப் பணியவைக்க முயன்றன. துனீசியாவிலே 1966 இல் தொடங்கிய கார்த்தேஜ் விழாவும், மேல் வோல்ட்டாவின் தலைநகரான வாகாதூகுவிலே 1969 இல் தொடங்கிய விழாவும் இப்பின்னணியிலே பிறந்தவை. தம் படங்களைத் தம் மக்களுக்குக் காட்ட வேறு வாயில் இல்லாதவர் திறந்துகொண்ட வாயில்கள் அவை. கூத்தும் கேளிக்கையும் அங்கே பின்னால் வந்து சேர்ந்தன.

அயல்நாடுகளிலே நடைபெறும் ஆபிரிக்கத் திரைப்பட விழாக்களின் பிறப்பு வேறு. மொன்றியல், மிலான், நியூயோர்க், எடின்பரோ, இலண்டன் என அவற்றின் பட்டியல் நீளும். அவற்றுள் எம் கவனத்தை ஈர்ப்பது ஸ்பானியாவின் தென்கோடியிலுள்ள தாரிபா என்ற சிறு துறைமுகப் பட்டினத்தில் 2004 இல் தொடங்கிய விழா. அங்கிருந்து ஆபிரிக்கக் கரை பதினான்கு கிலோமீற்றர் தொலைவிலேதான் உள்ளது; தெளிந்த நாளிலே மொறொக்கோ மலைகள் கண்ணுக்குத் தெரியும். அந்நீரிணையைச் சிறு படகுகளிலே கடக்க முயன்று மாண்ட ஆபிரிக்கர் பலர். பிணங்கள் ஒதுங்கும் கரையிலே ஆபிரிக்கரின் படங்களைக் காட்டி விழா எடுப்பதை வெறும் பொழுதுபோக்கென நாம் ஒதுக்கமாட்டோம். ஆனால் படகிலே வந்தவனுக்கு அவ்விழா மண்டபத்திலே ஆசனம் உண்டா என்று கேட்காமலும் இருக்கமாட்டோம்.

நமக்கு அண்மையிலே இத்துறையில் உண்மையாக உழைத்தது கேரளம். 1994 இல் கோழிக்கோட்டில் தொடங்கிப் பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைகொண்ட கேரள சர்வதேசத் திரைப்பட விழா, தன் போட்டிப் பிரிவை ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் படங்களுக்கே உரியதாக வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் அங்கீகாரத்துக்கு ஏங்கி நிற்கும் விழாக்களுக்கிடையே இவ்விதியின் துணிவு பாராட்டுதற்குரியது. கெனியாவிலே 2018 இல் தடைசெய்யப்பட்ட 'ரஃபிக்கி'யை எடுத்த வனூரி கஹியு என்னும் பெண் இயக்குநர் 2023 இல் அங்கே கௌரவிக்கப்பட்டார். இவ்விழா வானத்திலிருந்து விழுந்ததன்று. 1965 இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் தொடங்கிய சித்ரலேகா திரைப்படச் சங்கமும், ஊர் ஊராகப் படங் காட்டி மக்களிடம் திரட்டிய பணத்தில் ஜோன் ஏபிரகாமின் 'அம்ம அறியான்' படத்தை 1986 இல் உருவாக்கிய ஒடேசா இயக்கமும் அதற்கு உரமிட்டவை. நாட்டுப்புற வாசகசாலையிலே திரை கட்டிப் பழகிய ஒரு சமூகமே பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று படம் பார்க்கும் விழாவை நடத்த வல்லது. எங்கள் பக்கத்திலே யாழ்ப்பாணத்தில் 2015 முதல் நடந்துவரும் சர்வதேசச் சினிமா விழாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். போர் தின்ற மண்ணிலே அதுவும் சிறிய முயற்சியன்று.

இத்துணை சொல்லியபின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அயலார் விழாக்கள் ஆபிரிக்கப் படங்களைத் தெரிவு செய்யும் முறையிலே ஒரு சாய்வு உண்டு. மாலி நாட்டின் சுலைமான் சிசேயை எடுத்துக்கொள்வோம். 2025 இல் மறைந்த இக்கலைஞர் 1978 இல் 'பாரா' என்ற படத்தை எடுத்தார். பம்பாரா மொழியிலே அச்சொல்லுக்கு 'வேலை' என்று பொருள். சுமை சுமக்கும் இளைஞன் ஒருவனும், அவன் பெயரையே தானும் கொண்ட பொறியியலாளன் ஒருவனும் தொழிற்சாலையொன்றிலே சந்திப்பதும், தொழிலாளரை ஒன்றுதிரட்ட முனைந்த பொறியியலாளனை முதலாளி கொலை செய்விப்பதும் அதன் கதை. வாகாதூகு விழா 1979 இல் அதற்குத் தன் முதற்பரிசை அளித்தது. ஆனால் ஐரோப்பா சிசேயைக் கொண்டாடியது 1987 இல் வந்த 'யீலென்' படத்துக்காகவே. மந்திரமும் தந்திரமும், தந்தை மகன் பகையும், பாலைவெளியின் ஒளியும் நிறைந்த அப்படத்துக்குக் கான் விழாவிலே பரிசு கிடைத்தது. 'யீலென்' சிறந்த படம். அதை மறுக்க எமக்கு மனமில்லை. ஆயினும் மந்திரவாதியின் ஆபிரிக்காவை உலகம் விரைந்து தழுவிக்கொண்டது. சுமைகூலியின் ஆபிரிக்காவுக்கு அத்தகைய வரவேற்பு இல்லை. நமது கீழைக்கலைகளையும் மேலைநாட்டார் இவ்வாறே தெரிந்தெடுத்தனர் என்பது மாணவர் அறியாததன்று.

இந்நோக்கிலே பார்க்கும்போது செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனே நமக்கு மிக நெருங்கியவராகிறார். 1923 இல் மீன்பிடிகாரக் குடும்பமொன்றிலே பிறந்தவர். முறையான கல்வி சிறிதே. பிரெஞ்சுப் படையிலே சிப்பாயாயிருந்தார். போருக்குப் பின் பிரான்சுக்குச் சென்று மார்செய் துறைமுகத்திலே கப்பலில் மூட்டை இறக்கினார். அங்கேதான் தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். வியட்நாமியருக்கு எதிரான போருக்கு ஆயுதம் ஏற்ற மாட்டோம் என்று மார்செய்த் துறைமுகத் தொழிலாளர் மறுத்து நின்ற காலம் அது. வேலையிலே முதுகெலும்பு முறிந்து படுக்கையிலே கிடந்தபோது வாசித்தார், எழுந்தபின் எழுதினார். 1956 இல் வெளிவந்த அவரது முதல் நாவலின் பெயரே 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' என்பதாகும். 1947 இலும் 1948 இலும் நடந்த டக்கார்-நைஜர் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டு 1960 இல் அவர் எழுதிய நாவல் உலகத் தொழிலாளர் இலக்கியத்திலே உயர்ந்த இடம் பெறுவது.

நாவலாசிரியராகப் புகழ்பெற்றபின் அவர் ஏன் கமராவை நாடினார்? அவரது நாவல்கள் பிரெஞ்சிலே எழுதப்பட்டவை. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அவற்றை வாசிக்க முடியாது. நாடு திரும்பிய செம்பேன் இம்முரண்பாட்டை நேருக்கு நேர் கண்டார். நாற்பது வயதை நெருங்கும் பருவத்திலே மொஸ்கோ சென்று, கார்க்கி படநிலையத்தில் மார்க் டொன்ஸ்கோயிடம் திரைப்படத் தொழில் பயின்றார். திரும்பி வந்து 1963 இல் டக்கார் நகர வண்டிக்காரன் ஒருவனின் ஒருநாள் உழைப்பைக் குறும்படமாக்கினார். எழுத்தறியாத மக்களுக்குத் திரைப்படமே மாலைப் பள்ளி என்பது அவர் கருத்து. நமது முற்போக்கு எழுத்தாளர் மக்கள் இலக்கியம், மண்வாசனை என்றெல்லாம் வாதிட்ட அதே ஆண்டுகளிலே, 'மக்களுக்காக எழுதுவதை மக்கள் வாசிக்கிறார்களா' என்ற வினாவுக்கு விடைதேடி ஒரு நாவலாசிரியர் தம் தொழிலையே மாற்றிக்கொண்டார்.

1966 இல் வந்த அவரது முதல் நெடும்படத்தின் பிரெஞ்சுத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இன்னாருடைய கறுப்புப் பெண்' என்றாகும். ஆனால் அந்த 'இன்னார்' என்னும் இடம் வெறும் புள்ளிகளாக விடப்பட்டுள்ளது. டியுவானா என்ற இளம்பெண் டக்காரிலே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்கிறாள். அவர்கள் அவளை அந்தீப் நகருக்கு அழைக்கின்றனர். பிரான்சைக் காணப்போகிறேன் என்று துள்ளிக்கொண்டு செல்பவள் அங்கே காண்பது ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஒரு சன்னல். சமையல், சலவை, கூட்டுதல் அனைத்தும் அவள் தலையிலே விழுகின்றன. கூலி தள்ளிப்போகிறது. விருந்தினருக்கு அவள் ஒரு காட்சிப்பொருள். வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அன்பளிப்பாகக் கொடுத்த மரமுகமூடி வெள்ளைச் சுவரிலே தொங்குகிறது. இறுதியிலே அவள் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். செய்தித்தாளிலே சில வரிகள் வருகின்றன. கடற்கரையிலே வெயில் காய்வோர் அதைப் புரட்டிச் செல்கின்றனர். எசமான் அவளது பெட்டியையும் முகமூடியையும் கூலிப்பணத்தையும் கொண்டு டக்காருக்கு வருகிறான். தாய் பணத்தைத் தொட மறுக்கிறாள். சிறுவன் ஒருவன் முகமூடியை அணிந்துகொண்டு அவனைப் பின்தொடர்கிறான். வெள்ளையன் நடையை விரைவுபடுத்துகிறான்; பின் ஏறத்தாழ ஓடுகிறான். திரைப்படக் கலை தந்த மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்றென அதனைத் தயங்காது கூறலாம்.

அந்தீப் எங்கே, நமது துறைமுகம் எங்கே என்று கேட்போர் கொட்டியாரக் குடாவைக் கடந்து எதிர்க்கரையைப் பார்க்கட்டும். மூதூரிலிருந்து 2005 இல் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்ற ரிசானா நபீக்குக்கு அப்போது வயது பதினேழு. கடவுச்சீட்டிலே வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. அவளும் வீட்டு வேலைக்கெனச் சென்று கைக்குழந்தையைப் பார்க்கவேண்டியவளானாள். பால் கொடுக்கும்போது குழந்தை மூச்சுத்திணறி இறந்ததாக அவள் கூறினாள். கொலையென்று நீதிமன்றம் கூறியது. அவளது முதல் வாக்குமூலத்தைப் பெற்றபோது தக்க மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை என்பது உலக மனித உரிமை இயக்கங்களின் முறைப்பாடு. 2013 ஜனவரி 9 ஆம் நாள் அவள் தலை வெட்டப்பட்டது. வளைகுடா நாடுகளிலே வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவரும் 'கபீல்' எனப்படும் ஒரு பொறுப்பாளரின் பெயரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற முறையை இவ்விடத்திலே மனங்கொள்க. செம்பேன் வெறுமையாக விட்ட 'இன்னாருடைய' என்னும் இடத்தைச் சட்டமே நிரப்பிவிடுகிறது.

இரு பெண்களின் கதையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. டியுவானா தானே முடிவெடுத்தாள். ரிசானாவுக்குப் பிறர் முடிவெடுத்தனர். எனினும் வறுமை பெண்ணை ஏற்றுமதிப் பண்டமாக்கும் பொறி ஒன்றே. கிழக்கு மாகாணத்திலே வெளிநாட்டு வேலைக்குச் சென்ற பெண்ணில்லாத தெரு அரிது. ஆயினும் ஊரிலே ஓடும் தமிழ்ப் படங்கள் எவற்றிலும் அவளைக் காணமுடியாது. 1966 இலேயே அவளைக் கதாநாயகியாக்கிய கறுப்புக் கலைஞனின் படம் திருவனந்தபுரத்திலும் தாரிபாவிலும் கொண்டாடப்படும் மரபைச் சேர்ந்தது. மூதூரிலே அதைக் கேள்விப்பட்டாரில்லை. எமது மனத்தாங்கல் இதுவே.

படத்திலே குறையில்லையா? உண்டு. எசமானி சற்றுத் தட்டையான பாத்திரம். அவளது அலுப்புக்கும் கொடுமைக்கும் உள்ள உறவு போதிய அளவு ஆராயப்படவில்லை. அதனினும் பெரிய குறை மொழி பற்றியது. பிரெஞ்சு பேசத் தெரியாத டியுவானாவின் மனக்குரல் படம் முழுவதும் சரளமான பிரெஞ்சிலே ஒலிக்கிறது. அக்குரலைக் கொடுத்தவர் எயிட்டி நாட்டு நடிகை ஒருவர். பணம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே மொழியும் வந்தது எனலாம். செம்பேன் இதை உணர்ந்தார் என்பதற்கு 1968 இல் அவர் எடுத்த 'மண்டாபி' சான்று. அப்படம் வொலொஃப் மொழியிலே பேசுகிறது. தயாரிப்புப் பணத்தின் நிபந்தனையால் பிரெஞ்சு வடிவமொன்றையும் உடன் எடுக்கவேண்டியிருந்தது. இன்று உலகம் பார்ப்பது வொலொஃப் வடிவத்தையே.

'மண்டாபி' என்றால் காசுக்கட்டளை. பாரிசிலே தெருக்கூட்டும் மருமகன் இருபத்தையாயிரம் பிராங்குக்குக் காசுக்கட்டளை அனுப்புகிறான். அதிலே தாய்மாமன் இப்ராஹிமா டியெங்குக்கு உரியது இரண்டாயிரம் மட்டுமே. மூவாயிரம் அனுப்பியவனின் தாய்க்கு. எஞ்சியது அவன் சேமிப்பு. ஆனால் பணம் வந்த செய்தி தெருவெங்கும் பரவி, கடன்காரரும் கடன் கேட்போரும் வாசலிலே கூடிவிடுகின்றனர். தபாற் கந்தோரிலே அடையாள அட்டை கேட்கின்றனர். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும், பிறப்புப் பத்திரத்துக்குப் பிறந்த தேதி வேண்டும், நிழற்படம் வேண்டும், முத்திரை வேண்டும். இறுதியிலே படித்த உறவினன் ஒருவன் அதிகாரப் பத்திரத்திலே கையொப்பம் பெற்றுப் பணத்தை விழுங்கிவிடுகிறான். வெள்ளையன் போனபின் அவன் நாற்காலியிலே அமர்ந்த கறுப்புக் கனவானை இத்துணை நகைப்போடும் வெறுப்போடும் தீட்டிய படம் வேறில்லை.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு இப்படத்தை நாம் காட்டியதுண்டு. கருமபீடத்துக்குக் கருமபீடம் டியெங் அனுப்பப்படும் காட்சிகளிலே அவர்கள் அடக்கமாட்டாது சிரித்தனர். அடையாள அட்டை இல்லாதவன் மனிதனே அல்லன் என்ற நிலையைச் சோதனைச் சாவடிகளிலே தம் பெற்றோர் கண்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இடம்பெயர்ந்த வீட்டிலே பிறப்புப் பத்திரம் எரிந்துபோக, அதன் பிரதிக்காகக் கச்சேரி வாசலிலே நாட்கணக்காக நின்ற கதை இம்மாவட்டத்திலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றுண்டு. அடிக்கு அடி விளக்கம் கூற ஆசிரியர் எவரும் அங்கே தேவைப்படவில்லை.

ஆபிரிக்கரோடு நமக்குள்ள உறவு திரையிலே மட்டும் தொடங்குவதன்று. இரண்டாம் உலகப் போரிலே கிழக்காபிரிக்கப் படையினர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பயிற்றப்பட்டுப் பர்மாப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். 1944 பெப்ரவரியிலே மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெதிவ் இஸ்மாயில் என்ற கப்பல் மாலைதீவுக்கு அண்மையிலே தாக்கப்பட்டு மூழ்கியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். தன் போருக்காகவே பேரரசு அவர்களை இக்கடலிலே இழுத்து வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள், பிரான்சுக்காகப் போரிட்டுத் திரும்பிய மேற்காபிரிக்கச் சிப்பாய்கள் சம்பள நிலுவை கேட்டமைக்காக டக்காரை அடுத்த தியாரோய் முகாமிலே சுடப்பட்டனர். அக்கொடுமையைச் செம்பேனும் தியெர்னோ பாத்தி சோவும் 1988 இல் படமாக்கினர். பிரெஞ்சுப் பணம் ஒரு சதமும் பெறாது, செனகல், அல்ஜீரியா, துனீசியா ஆகிய ஆபிரிக்க நாடுகளின் கூட்டிலே உருவான படம் அது. பிரான்ஸ் அதைப் படுகொலை என ஒப்புக்கொள்ள 2024 வரை செல்லவேண்டியிருந்தது.

அதற்கும் முன்னர், போர்த்துக்கேயர் காலந்தொட்டு அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்டவரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியிலும் நமது திருகோணமலையிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு நாம் இட்ட பெயர் 'காப்பிலி'. சுருண்ட முடியுள்ள பிள்ளையைக் கேலிசெய்ய இன்றும் வகுப்பறையிலே அச்சொல் பறக்கிறது. நிறவெறியைத் தென்னாபிரிக்காவிலே கண்டிக்கும் கட்டுரையைத் தேர்விலே எழுதிப் புள்ளி பெறும் மாணவனே இடைவேளையிலே அச்சொல்லைப் பயன்படுத்துகிறான். டியுவானாவின் முகத்தைத் திரை நிறைய ஒருமுறை பார்த்தவன் அதைச் சொல்லுமுன் சற்றாவது நாவை மடக்குவான் என்று நாம் நம்புகிறோம். இந்நம்பிக்கை மிகையென்பாரும் உளர்.

இத்தகைய படங்களை நம்மவர் பொறுமையோடு பார்க்கமாட்டார் என்பதே வழமையான மறுப்பு. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்திலே எடுத்து 1977 இல் வெளிவந்த 'பொன்மணி'யைச் சான்று காட்டுவர். தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய கண்ணுக்கு அப்படத்தின் மௌனம் பிடிபடவில்லை என்பது மெய். ஆனால் அன்று திரையரங்குக்குள்ளே படத்தைத் தள்ளிவிட்டு வெளியே நின்று தோல்வியைக் கணக்கிட்டோமேயன்றி, பார்வையாளரோடு அமர்ந்து பேசியவர் எத்தனை பேர்? செம்பேன் தம் படங்களோடு தாமே ஊர் ஊராகச் சென்று, படம் முடிந்ததும் விளக்கேற்றி விவாதம் நடத்தினார். ஊமைப்பட காலத்திலே நம் நாட்டுப்புறங்களிலும் திரையருகே ஒருவர் நின்று கதை சொன்னதுண்டு.

ஆகையால் திருகோணமலையில் ஆபிரிக்கத் திரைப்பட விழா என்று கொடியும் தோரணமும் கட்டவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கேரள விழாவையும் சென்னை விழாவையும் போலவே நாமும் ஆங்கில எழுத்தைத் திரையடியிலே ஓடவிட்டால், படித்தவர் வருவர். கிண்ணியாவிலும் மூதூரிலுமுள்ள தாய்மார் வரமாட்டார். முதற்கடமை 'மண்டாபி'யைத் தமிழிலே பேசவைப்பது. நீண்ட படமன்று, உரையாடலும் எளியது. உரிமையாளரிடம் அனுமதி பெற்றபின், ஆசிரியர் நால்வர் ஒரு விடுமுறைக் காலத்திலே முடித்துவிடலாம். எந்தத் தமிழ் என்பதிலேதான் கருத்து வேறுபாடு எழும். பாடநூற்றமிழ் வேண்டுமென்று நம் நண்பர் சிலர் ஏற்கனவே வாதிடத் தொடங்கிவிட்டனர். எம் கருத்து மூதூர்ப் பேச்சே என்பதாகும். தொழுகைக்கு எழுந்து, உண்டு, உறங்கி, கடனுக்கு அரிசி வாங்கும் அந்த இப்ராஹிமாவின் வாயிலே அதுவே பொருந்தும். பங்குப் பணத்தைக் கேட்டு வரும் சகோதரியை அவன் 'தாத்தா' என்று விளிக்கும்போது யாழ்ப்பாணத்தார் ஒருகணம் திகைப்பர். எங்கள் எதிர்க்கரையிலே எவரும் திகைக்கமாட்டார்.